மறுமொழி: இன்சுலின் பம்ப் கையேடு – ‘வோல்டேஜ் சாக்’ தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு ஏஏ மின்கலத்தில் ஓடும் இன்சுலின் பம்புக்கான (நீரிழிவு நோயாளியின் உடலுக்குள் இன்சுலினைச் செலுத்தும் கருவி) கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன். திரையில் பேட்டரி பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டும். மோட்டார் மருந்தைத் தள்ளத் தொடங்கியதும் மின்னழுத்தம் சட்டெனத் தாழ்ந்து, மோட்டார் நின்றதும் பழையபடி ஏறிவிடும். இதுதான் ‘வோல்டேஜ் சாக்’. எல்லை மீறித் தாழ்ந்தால் பம்பை இயக்கும் சில்லு தானாகவே அணைந்து மீண்டும் எழும்; அது ‘பிரவுன்அவுட் ரீசெட்’. முதலாவதற்கு ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

* * *

> ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்று எழுதியிருக்கிறேன்

வேண்டாம் அம்மா. ‘வோல்டேஜ் டிராப்’புக்கு அந்தச் சொல் எப்போதோ குடியேறிவிட்டது. தவிர, விழுந்தது திரும்ப எழும் என்ற குறிப்பே அதில் இல்லை.

‘மின்தொய்வு’ என்று வைக்கலாம். கயிற்றுக் கட்டிலில் ஆள் உட்கார்ந்தால் தொய்யும், எழுந்தால் நிமிரும். கயிறு பழசாக ஆகத் தொய்வு கூடிக் கடைசியில் தரையில் இடிக்கும். மின்கலத்தில் நடப்பதும் இதே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய ஆல்கலைன் ஏஏ கலத்தின் அகத்தடை (கலத்துக்குள்ளேயே இருக்கும் மின்தடை) ஏறக்குறைய 0.2 ஓம். மோட்டார் 0.5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் தொய்வு 0.1 வோல்ட்தான். பாதி தீர்ந்த, குளிர்ந்த கலத்தில் அகத்தடை 0.8 ஓம் ஆகிவிட்டால் தொய்வு 0.4 வோல்ட், 1.25 வோல்ட் காட்டிய கலம் 0.85-க்கு வந்துவிடும். அதோடு நிற்காது. மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் உள்சுற்று, அதே திறனைக் கொடுக்க இன்னும் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். தொய்வே தொய்வை வளர்க்கும்.

மின்கலம் போடும் இடத்தின் மூடியில் உள்ள தொடுமுனையில் துரு பிடித்தாலும் இதே கதைதான், ஏனென்றால் அந்தத் தடையும் அகத்தடையோடு சேர்ந்துகொள்கிறது. கலம் புதிது, ஆனாலும் பம்ப் அணைகிறது என்றால் முதலில் மூடியைப் பாருங்கள்.

(ஒரு பிடிவாதம்: ஒற்றை ஏஏ-வுக்கு ‘மின்கல அடுக்கு’ என்று எழுதாதீர்கள். அங்கே அடுக்கே இல்லை!)

* * *

ஐயா சொன்ன கட்டில் உவமை நன்று. ஆனால் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் பக்கமிருந்து இரண்டு திருத்தம்.

ஒன்று, வெறும் ‘தொய்வு’ போதாது. ‘பணியில் தொய்வு’ என்று படித்துப் பழகியவர், மருந்து மெதுவாகப் போகிறது என்று எடுத்துக்கொள்வார். எல்லா இடத்திலும் ‘மின்தொய்வு’ என்றே இருக்கட்டும்.

இரண்டு, சார்ஜ் தீர்வதை இதில் சேர்க்கக் கூடாது. 2024-இல் இன்சுலின் பம்ப் தயாரிக்கும் டேண்டம் நிறுவனத்தின் டி:கனெக்ட் ஐபோன் செயலி, பதிப்பு 2.7, முடங்கி முடங்கித் திரும்ப எழுந்ததில் புளூடூத் ஓயாமல் பேசி, பம்பின் பேட்டரி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ அதை மிகக் கடுமையான முதல் வகைத் திரும்பப்பெறலில் வைத்தது. அது ‘மின்னிறக்கம்’. ‘சார்ஜ் இறங்கிடுச்சு’ என்றுதானே வீட்டிலும் சொல்கிறோம். சார்ஜ் ஏற்றும் அந்தப் பம்பில் செய்ய வேண்டியது சார்ஜரில் போடுவது. மின்தொய்வில் கலத்தை மாற்றி மூடியைச் சோதிப்பது. இரண்டையும் குழப்பினால் ஆபத்து: பம்பில் இருப்பது விரைவாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும். அது நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) ஏறத் தொடங்கும்.

* * *

இருவருக்கும் நன்றி. மின்தொய்வு, மின்னிறக்கம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘பிரவுன்அவுட் ரீசெட்’டுக்கு ‘மின்தொய்வு மறுதொடக்கம்’ என்று வைக்கிறேன். ‘பிரவுன்அவுட்’டில் இருக்கும் பழுப்பை மொழிபெயர்க்கப் போவதில்லை. கையேட்டுப் பத்தி இப்படி:

“ஃபிரிட்ஜில் வைத்த மின்கலத்தை உடனே போடாதீர்கள்; அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு போடுங்கள். சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் கார்பன்-துத்தநாகக் கலம் கூடாது. மின்தொய்வு அதில் மிக அதிகம். லித்தியம் ஏஏ கலத்தில் மின்தொய்வு குறைவு. ஆனால் அது கடைசிவரை நிறைந்திருப்பதுபோலவே காட்டிவிட்டுச் சட்டென இறங்கும். மாற்றுக் கலம் கையில் இருக்கட்டும். மின்தொய்வு மறுதொடக்கம் நடந்தால் நேரம், தேதி, அடிப்படை அளவு (நாள் முழுதும் சிறிது சிறிதாகச் செல்லும் இன்சுலின்), உடலில் மீதமுள்ள இன்சுலின் கணக்கு ஆகிய நான்கையும் சரிபார்த்த பிறகே அடுத்த அளவைச் செலுத்துங்கள். மறுபடியும் நடந்தால் பம்பைக் கழற்றிவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாற்றுத் திட்டப்படி பேனாவிலோ ஊசியிலோ இன்சுலின் போட்டுக்கொள்ளுங்கள்.”

‘அடிப்படை அளவு’ எனக்கே திருப்தி இல்லை. அதைத் தனி இழையில் கேட்கிறேன்.