காய்ச்சலுக்குள் ஒளிந்த கியூடி: தொற்றுநோய் ஆய்வுகளில் பார்த்த, இன்னும் உறுத்தும் இசிஜிகள் (ஆறு பேரின் உரையாடல், ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

கட்டம்எண்ணி

ஒரே ஆளுடைய இரண்டு இசிஜி. பார்ப்பது கியூடி, அதாவது இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீண்டும் ஓய்வுக்கு வர ஆகும் நேரம்; அது மிக நீண்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். மலேரியா ஆய்வு, குயினைன் மருந்து கொடுத்த பிரிவு. மருந்து தொடங்கும் முன்: காய்ச்சல் 39.6 டிகிரி செல்சியஸ், துடிப்பு 120, கியூடி 340 மில்லிசெகண்ட். மூன்றாம் நாள்: காய்ச்சல் விட்டாச்சு, துடிப்பு 75, கியூடி 420.

இயந்திரம் பேஸட் சூத்திரத்தில் அச்சடித்துத் தந்த கியூடிசி (துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கியூடி): முதலில் 481, பிறகு 470. அதாவது 11 குறைந்திருக்கிறது. கீழே "மருந்தால் கியூடி நீளவில்லை" என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

அதே எண்களை ஃபிரிடெரிசியா என்ற இன்னொரு சூத்திரத்தில் போட்டால் 428, பிறகு 452. 24 கூடியிருக்கிறது. தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட் என்பதால் 24 அரைக் கட்டத்துக்குச் சற்று மேல்தான், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு சூத்திரம் குறைந்தது என்கிறது, இன்னொன்று கூடியது என்கிறது.

இரண்டுமே 1920-ல் வந்த சூத்திரங்கள். பேஸட், ஆர்-ஆர் இடைவெளியின் (அடுத்தடுத்த இரு துடிப்புக்கு நடுவே உள்ள நேரம், செகண்டில்) வர்க்கமூலத்தால் வகுக்கிறது, ஃபிரிடெரிசியா கனமூலத்தால். துடிப்பு 60-ஐ ஒட்டி இருந்தால் இரண்டும் ஒன்றுதான். 120-ல் பேஸட் தேவைக்கு மேல் உயர்த்திவிடும். தொற்றுநோய் ஆய்வில் முதல் இசிஜி எடுக்கும்போது பலருக்குக் காய்ச்சல் இருக்கும். அப்படியிருந்தும் பேஸட்டை வைத்தே ஆட்களைச் சேர்ப்பதும் கழிப்பதும் ஏன் தொடர்கிறது? 450-க்கு மேல் போனால் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்திருந்தால் இந்த ஆள் உள்ளேயே வந்திருக்க மாட்டார்.

சரிவுக்கோடு

பேஸட் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் அந்த 24 முழுவதையும் மருந்தின் தலையில் கட்டுகிறீர்களே, அதை ஏற்க முடியவில்லை.

கடுங்காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு அட்ரினலின் ஏறியிருக்கும், சாப்பாடு இறங்காது, தூக்கம் இருக்காது. அந்த நிலையில் கியூடி, துடிப்பு வேகத்துக்கு எதிர்பார்ப்பதைவிடவும் சுருங்கியிருக்கும். உடம்பு தேறத் தேற அது நீளும். கியூடியை அவ்வளவாகத் தொடாத மருந்து கொடுத்தவர்களிடமும் மூன்றாம் நாளில் ஃபிரிடெரிசியா எண் கூடுவதை மலேரியா ஆய்வுகளில் பார்க்கலாம். நோய் விலகியதன் விளைவு அது, மருந்தின் பக்கவிளைவாகப் பதிவாகிவிடுகிறது.

கோவிட்டில் இது தலைகீழாகவும் வரலாம். அழற்சி அதிகமானால் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியின் வேலை மந்தமாகும், மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் இதயச் செல்லின் பொட்டாசியம் வாயிலையும் நேரடியாகத் தடுக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அப்போது நோயே கியூடியை நீட்டும். ஆரோக்கியமானவர்களிடம் செய்த கியூடி ஆய்வை (மருந்து ஆய்வுகளுக்காக 2005-ல் வந்த ஐசிஎச் இ14 என்ற பன்னாட்டு நெறிப்படி, சராசரி நீட்சி சுமார் 5 மில்லிசெகண்ட்தான் கவலைக்கோடு) காய்ச்சல்காரர்களுக்கு அப்படியே பொருத்த முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஒப்பீட்டுப் பிரிவு கட்டாயம் வேண்டும். கூடவே மருந்து முழுக்க வெளியேறிய பிறகு, உடம்பு தேறிய நிலையில் இன்னொரு இசிஜி வேண்டும். அந்த ஆளுக்கு 28-ம் நாள் இசிஜி எடுத்தார்களா? குயினைன் என்றால் 28-ம் நாளில் உடம்பில் மிச்சம் இருக்காது. பைப்பராக்குயின் என்ற மலேரியா மருந்து என்றால் அப்போதும் இருக்கும், அந்த இசிஜி இதற்கு உதவாது.

மாத்திரைஅட்டை

நான் பார்த்தது காசநோய்ப் பக்கம். பெடாகுயிலின், மாக்ஸிஃபிளாக்ஸசின் ரெண்டும் உள்ள 6 மாசக் கூட்டுமருந்து. ரெண்டுமே கியூடியை நீட்டுற மருந்து. ரெண்டாவது வார இசிஜில ஃபிரிடெரிசியா 508. திரும்ப எடுத்தாங்க, 506. விதிப்படி 500-க்கு மேல உறுதியானதும் பெடாகுயிலினை நிறுத்தினாங்க. ஒரு வாரம் கழிச்சு 497. "மருந்தை நிறுத்தியும் ஏன் இறங்கல, இசிஜி மெஷின்ல கோளாறா"ன்னு மையத்துல இருந்து கடிதம்.

மெஷின் நல்லாத்தான் இருந்தது. பெடாகுயிலினோட கடைசிக்கட்ட அரை ஆயுள் (உடம்புல இருக்குற அளவு பாதியாக ஆகுற நேரம்) சுமார் ஐந்தரை மாசம். நிறுத்தின மருந்து உடனே உடம்பை விட்டுப் போகாது. மாக்ஸிஃபிளாக்ஸசின் அப்படி இல்லை, அரை ஆயுள் 12 மணி நேரம்தான், ரெண்டு மூணு நாள்ல போயிடும். அதை இன்னும் கொடுத்துட்டிருந்தாங்க.

ஆனா மனசுல நிக்கிறது அந்த 508 இல்லை. மருந்துச்சீட்டோட கடைசி வரிதான். "வாந்திக்கு ஆன்டான்செட்ரான் 8 மி.கி., தினம் இரண்டு வேளை." வாந்தியால ரத்தத்துல பொட்டாசியம் 2.9-க்கு இறங்கிடுச்சு, அந்தக் குறைவே கியூடியை நீட்டும். அந்த வாந்தியை நிறுத்தக் கொடுத்த மாத்திரையும் கியூடியை நீட்டுறது. ஆய்வு மருந்துக்கு ஒரு படிவம், "இதர மருந்துகள்"னு தனிப் படிவம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு யாரும் பார்க்கலை. பொட்டாசியத்தை 4-க்கு மேல ஏத்தி, மெக்னீசியமும் சரி பண்ணி, ஆன்டான்செட்ரானை நிறுத்தினதும் 470-க்கு வந்தது.

தொடுகோடு

ஒரே நாளில் ஒரே இசிஜியை இருவர் படித்து 460, 520 என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர் வி2 என்ற மார்பு லீடில், டி அலைக்கு (கியூடி முடியும் அலை) அடுத்து வரும் சின்ன யு அலையையும் சேர்த்து அளந்திருந்தார். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இங்கே எல்லோரும் சூத்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அளவே தப்பாக இருந்தால் எந்தச் சூத்திரம் என்ன செய்யும்? ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

எடுப்பதற்கு முன் 10 நிமிடம் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மார்பில் மின்முனை வைக்கும் இடங்களைத் தோலில் மையால் குறித்து வைத்தால் அடுத்த முறையும் அதே இடம் கிடைக்கும். வி4-ஐ ஒரு விலாவிடை மேலே ஒட்டினாலும் டி அலையின் உருவம் மாறும். ஒன்று போதாது, சில நிமிட இடைவெளியில் மூன்று எடுத்துச் சராசரி பாருங்கள். மருந்து விழுங்கிய நேரத்தையும் இசிஜி எடுத்த நேரத்தையும் மணி, நிமிடத்தோடு எழுதுங்கள். பெடாகுயிலின் ரத்தத்தில் உச்சம் தொடச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாத்திரைக்கு முன்பே எடுத்துவிட்டு "நீளவில்லை" என்று எழுதுவதில் பொருளில்லை.

அளப்பது இரண்டாம் லீடில், அது தெளிவில்லை என்றால் வி5-ல். எதில் தொடங்கினீர்களோ கடைசிவரை அதிலேயே அளங்கள். டி அலை இறங்கும் சரிவில் மிகச் செங்குத்தான இடத்தில் தொடுகோடு போட்டு, அது அடிக்கோட்டை வெட்டும் புள்ளியை முடிவாக வையுங்கள். யு அலையைத் தொடாதீர்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (துடிப்பு ஒழுங்கில்லாமல் வரும் நிலை) இருந்தால் ஒரு துடிப்பை வைத்து எதுவும் சொல்லாதீர்கள், 10 துடிப்பின் சராசரி வேண்டும். கிளைத்தடை (கீழறைக்குள் மின்தூண்டல் போகும் கிளையில் தடை) இருந்தால் கியூடியின் முதல் பகுதியான கியூஆர்எஸ் அகலமே கியூடியை நீட்டிக் காட்டும். அதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி வைக்காவிட்டால் நடுவில் சண்டை வரும். படிப்பவருக்கு எந்தப் பிரிவு, எந்த நாள் என்று தெரியக் கூடாது. எல்லா நாளுக்கும் ஒரே ஆள் படிக்கட்டும்.

பிஆர்பார்வை

தொடுகோடு சார், நீங்கள் எழுதியதில் பிஆர் (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் போய்ச்சேரும் நேரம்) என்ற சொல்லே இல்லை. எல்லாரும் கியூடியிலேயே நிற்பதால் தப்பிப்போவது அதுதான்.

பெருந்தமனி வால்வில் தொற்று. நுண்ணுயிர்க்கொல்லி நரம்பு வழியே போகிறது, காய்ச்சல் இறங்கிவிட்டது, ரத்தக் கல்ச்சரும் சுத்தம். தினசரி இசிஜியில் பிஆர் 170, 180, அப்புறம் 240. கியூடி சரியாக இருக்கிறது என்று 240-ஐக் கடந்து போய்விட்டார்கள். அந்தத் தூண்டலைக் கடத்தும் ஏவி கணுவும் ஹிஸ் கற்றையும் அந்த வால்வின் அடிவாரத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. பிஆர் நீள்கிறது என்றால் அங்கே சீழ் கட்டுகிறதா என்று உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்த்தே ஆக வேண்டும். அடுத்த கட்டம் முழு இதயத்தடை. இதய வால்வுத் தொற்றுக்கு நரம்பு வழி மருந்திலிருந்து மாத்திரைக்கு மாறலாமா என்று டென்மார்க்கில் 400 பேரிடம் நடந்த போயெட் ஆய்வில், மாத்திரைக்கு மாற்றும் முன் அந்த எக்கோவில் சீழ்க்கட்டி இல்லை என்று உறுதி செய்தே மாற்றினார்கள். மாத்திரை போதும் என்ற முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த நிபந்தனையை விடுவது ஆபத்து.

உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயிலும் இதே கதை. பிஆர் 300-ஐத் தாண்டினால் மானிட்டரில் வைக்க வேண்டும். ஆனால் அங்கே மருந்திலேயே தடை விலகிவிடும், நிரந்தர பேஸ்மேக்கருக்கு அவசரப்படக் கூடாது.

உறைக்குள்

பேஸ்மேக்கர் என்றதும் ஒன்று. கருவி வைத்த தோலடிப் பை வீங்கியிருக்கிறது என்று ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்திருந்தார்கள். அதுவரை வெறும் ரத்தக்கட்டாக இருந்ததற்குள் கிருமியை இறக்க அந்த ஊசியே போதும். தொற்று என்று சந்தேகம் வந்தால் முதலில் மருந்து தொடங்கும் முன் இரண்டு செட் ரத்தக் கல்ச்சர். உறுதியானால் கருவி, கம்பி எல்லாம் வெளியே வர வேண்டும். 2019-ல் வந்த ராப்-இட் ஆய்வில் 6,983 பேர். மினோசைக்ளின், ரிஃபாம்பின் பூசிய உறைக்குள் கருவியை வைத்தவர்களில் 12 மாதத்தில் பெரிய தொற்று 0.7 சதவீதம், உறை இல்லாதவர்களில் 1.2. உறை உதவுகிறது, ஊசியைக் கையில் எடுப்பவருக்கு அது பதில் அல்ல.

கட்டம்எண்ணி

சரிவுக்கோடு கேட்ட 28-ம் நாள் இசிஜி கோப்பில் இருக்கிறது. துடிப்பு 72, கியூடி 412. ஃபிரிடெரிசியா 438. மூன்றாம் நாளின் 452-லிருந்து கழித்தால் மருந்துக்கு 14, நோய் விலகியதற்கு 10. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் இந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பாகவே வரும் என்பதால் இவரை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 24 முழுவதும் குயினைனால் என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். "நீளவில்லை" என்று போட்ட கையெழுத்தும் திருத்தப்பட வேண்டியதுதான்.