மெல்போர்ன் கப் பார்க்க ஆசைப்படும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

மார்த்தாண்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு மெல்போர்ன் போயிருக்கும் தங்கச்சி, என்றைக்காவது ஒரு நாள் மெல்போர்ன் கப் குதிரைப் பந்தயத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். வீட்டில் சொன்னால் அம்மா திட்டுவாள் என்ற பயமும் கூடவே. குளச்சல், தக்கலைப் பிள்ளைகளும் இதையே கேட்பதால் எல்லாருக்கும் பொதுவாகப் பதில் போடுகிறேன். மெல்போர்னில் வேலை பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியவன் நான்.

முதலில் அம்மா விஷயம். நம்ம ஊரில் ரேஸ் என்றால் சொத்தை விற்றுத் தொலைத்தவன் கதைதான் யாருக்கும் ஞாபகம் வரும். "ரேஸுக்குப் போகிறேன்" என்று போனில் மொட்டையாகச் சொன்னால் திட்டு விழத்தான் செய்யும். நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் மாநகருக்கே அரசு விடுமுறை, வேடிக்கை பார்க்கப் போகிறேன், குதிரை மேல் காசு கட்ட மாட்டேன் என்று முழுசாகச் சொல்லு மக்களே. ஓட்டம் அங்கே பிற்பகல் 3 மணிக்கு. இங்கே காலை 9.30. வீட்டு வேலை முடிந்து அம்மா உட்காருகிற நேரம்தான், வீடியோ காலில் காட்டிவிடலாம். 2022-ல் அந்தச் செவ்வாய் நவம்பர் 1-ஆம் தேதியே வந்தது, நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள்.

லீவு விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதே. ஆஸ்பத்திரிக்கு விடுமுறை கிடையாது. செவ்வாய் லீவு என்பதால் திங்கட்கிழமையையும் சேர்த்துக் கேட்க ஆள் வரிசையில் நிற்கும். ரோஸ்டர் (டியூட்டிப் பட்டியல்) போடுவதற்கு வெகு முன்னாலேயே கேட்டு வை. வந்த முதல் வருஷம் என்றால் அன்றைக்கு டியூட்டி பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பேன். விடுமுறை நாள் சம்பளம் கூடுதல். படிக்க வந்திருப்பவர்களுக்கு அதுதான் பரீட்சை நெருங்கும் நேரம். பந்தயம் 1861-லிருந்து நடக்கிறது, அடுத்த வருஷமும் நடக்கும்.

சரி, போகிறாய் என்றே வைத்துக்கொள்வோம். மைதானம் பிளெமிங்டன். பந்தய நாட்களில் பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டிலிருந்தும் சதர்ன் கிராஸிலிருந்தும் மைதான வாசலுக்கே ரயில் விடுவார்கள். காரை எடுக்காதே. பொது அனுமதி டிக்கெட் போதும், அதை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடு. உறுப்பினர் பகுதியில்தான் கோட்டு, டை என்று கெடுபிடி. பொதுப் பகுதியில் அது இல்லை, ஆனால் எல்லாரும் கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்தி வருவதால் சாதாரணமாகப் போனால் உனக்கே கூச்சமாக இருக்கும். பட்டுச்சேலையில் போனாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாலு பேர் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம், நாள் முழுக்கப் புல்தரையில்தான் நிற்க வேண்டும். வெயில், மழை, குளிர்காற்று மூன்றும் ஒரே நாளில் வரும்.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2003-ல் கப் அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் 1,22,736 பேர். இப்போது அவ்வளவு இல்லாவிட்டாலும் நெரிசல்தான். ஓட்டம் 3,200 மீட்டர், மூன்றேகால் நிமிஷத்துக்குச் சற்று மேலே போனால் முடிந்துவிடும். இவ்வளவு தூரம் வந்து இதற்குத்தானா என்று தோன்றாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். இறுதி நேர்க்கோட்டுப் பாதை ஓரத்து வேலிப் பக்கம் நேரத்தோடு போய் இடம் பிடி. குதிரைகள் முதலில் அந்த வழியாகத்தான் ஓடி, பிறகு முழுச் சுற்றும் சுற்றி மறுபடி அங்கேயே வந்து முடிக்கும். ஆகவே இரண்டு தடவை பார்க்கலாம். இருபத்துச் சொச்சம் குதிரைகள் ஒன்றாகக் கடக்கும்போது காலுக்குக் கீழே தரை அதிரும். டிவியில் அது வராது.

ஆபீஸ், வார்டு எல்லா இடத்திலும் ஸ்வீப் என்று ஒன்று நடத்துவார்கள். ஆளுக்கு இரண்டு, மூன்று டாலர் போட்டு, குதிரைப் பெயர் எழுதிய சீட்டைக் குலுக்கி எடுப்பது. சேரலாம், சேராமலும் இருக்கலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான் பயப்படுவது போனில் இருக்கும் பெட்டிங் ஆப்களுக்குத்தான். இலவச போனஸ் என்று கூப்பிடும். கப் முடிந்த மறுநாளும் விடாது. வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது வங்கிக்காரன் உன் ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் படிப்பான், அதில் இந்த ஆப்களின் பெயர் இருந்தால் நல்லதில்லை. யாராவது ஏற்கெனவே மாட்டியிருந்தால் பெட்ஸ்டாப் என்ற அரசுப் பதிவேட்டில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள், 2023-லிருந்து இருக்கிறது. பெயர் ஏறிவிட்டால் உரிமம் பெற்ற எந்த ஆன்லைன் கம்பெனியும் அவரிடம் பந்தயம் வாங்கக்கூடாது.

2015-ல் மிஷேல் பெய்ன் ஜெயித்த கதையைச் சொல்லி ஆசை காட்டுபவர்கள் இருப்பார்கள். கப்பை வென்ற முதல் பெண் ஜாக்கி அவர். பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் என்ற அந்தக் குதிரைக்குப் பந்தய விலை நூற்றுக்கு ஒன்று, அதாவது ஒரு டாலர் கட்டி ஜெயித்தால் நூறு டாலர் லாபம். குதிரையைப் பராமரித்தது டவுன் சிண்ட்ரோம் உள்ள அவருடைய அண்ணன் ஸ்டீவி. குதிரை எந்த வாசலிலிருந்து ஓட்டத்தைத் தொடங்கும் என்று பார்க்கும் குலுக்கலில் ஒன்றாம் எண்ணை எடுத்ததும் அவரே. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அன்றைக்கு மற்றக் குதிரைகள் மேல் கட்டியவர்கள் கதையை யாரும் சொல்வதில்லை.

உன் கூட வேலை பார்ப்பவர்களில் சிலர் இந்தப் பந்தயமே வேண்டாம் என்பார்கள். அவர்களோடு வாதாடாதே, காரணம் இருக்கிறது. 2014-ல் கப்பில் ஓடிய இரண்டு குதிரைகள் செத்தன. 2020-ல் ஆண்டனி வான் டைக் என்ற குதிரை செத்தது. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுக் குதிரைகளுக்குக் கால் ஸ்கேன் கட்டாயமானது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போவதா வேண்டாமா என்பது உன் முடிவு. போகாமலே குதிரை பார்க்க வேண்டுமானால் மெல்போர்ன் மியூசியத்தில் பார் லாப் நிற்கிறது, 1930-ல் கப்பை வென்ற குதிரை. தோல் அங்கே, எலும்பு நியூசிலாந்தில், இதயம் கான்பெராவில். ஒரு குதிரையை மூன்றாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள்!

வளைகுடாவில் இருக்கும் நம்ம ஆட்கள் மெல்போர்ன் வரை ஏங்க வேண்டாம். துபாய் உலகக் கோப்பைக் குதிரைப் பந்தயம் அங்குள்ள மெய்தான் என்ற பந்தய மைதானத்தில் நடக்கிறது, வழக்கமாக மார்ச் கடைசி வாக்கில். அங்கே காசு கட்டும் கவுண்டரே கிடையாது, அம்மாவிடம் விளக்கம் சொல்லும் வேலையும் மிச்சம்.

தங்கச்சிக்கு இன்னொன்று. பிளெமிங்டனில் வருஷம் முழுக்கச் சாதாரண சனிக்கிழமைகளிலும் பந்தயம் உண்டு, கூட்டம் குறைவு. அப்படி ஒரு நாள் போய், ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்தில் நின்று பார். அது பிடித்திருந்தால் கப் டிக்கெட்டுக்குக் காசு சேர்.