மாப்பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கிய அம்மா

நாங்கள் கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருக்கிறோம். ஒரு ஜூலை மாதம் அம்மா வந்திருந்தபோது, அமெரிக்கன் ஆற்றின் தெற்குக் கிளையில் ராஃப்டிங் (காற்றடைத்த படகில் வேகமான ஆற்றில் போவது) போகலாம் என்று கிளம்பினோம். காரில் மூன்று மணி நேரம். அம்மாவைக் கரையில் நிழலில் உட்கார வைத்துவிடுவதாகத்தான் பேச்சு. அங்கே போய் இறங்கியதும், "நான் மட்டும் எதுக்கு இங்க காஞ்சுகிட்டுக் கிடக்கணும்? கிணத்துல குதிச்சு நீச்சல் பழகினவ நான்" என்று லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முதல் சிக்கல் சேஃப்டி பின். அம்மாவின் வளையலில் எப்போதும் ஒரு கொத்து தொங்கும். படகு ஓட்டும் பெண், கல்லூரி வயதுதான் இருக்கும், காற்றடைத்த படகுக்கும் அந்த வளையலுக்கும் நடுவே கண்ணை ஓட்டிவிட்டுச் சிரித்துவிட்டாள். படகுத் துணி நல்ல கனம், காற்றறைகளும் தனித்தனி, ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்கும் என்று விளக்கினாள். ஆனாலும் அதையெல்லாம் காரில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். அம்மா ஒன்பது பின்னை எண்ணி என் கையில் கொடுத்தாள்.

பிறகு பாடம். படகின் ஓரத்தில் உட்கார்ந்து காலை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். துடுப்பின் தலையில் இருக்கும் பிடியைக் கையிலிருந்து விடவே கூடாது. விட்டால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லைப் பெயர்க்கும். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, காலை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும், எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் ஆபத்து. இதை அம்மாவுக்கு இரண்டு தடவை தமிழில் சொன்னேன்.

மேலே அணையில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தை வைத்துத்தான் படகுகள் கிளம்புகின்றன. சில்லி பார் என்ற இடத்தில் படகோடு ஆற்றில் இறங்கினோம். மலைத் தண்ணீர், ஜூலையிலும் கால் விறைத்தது. அந்தப் பெண் ஆங்கிலத்தில் கத்த, நான் அம்மாவுக்குத் தமிழில் கத்த, அதற்குள் படகு ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகப் போக ஆரம்பித்துவிட்டது. "உங்க பாஷையில எப்படிச் சொல்லணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். முன்னாடி, பின்னாடி, நிறுத்து. மூன்றே சொல். "முனாதி! முனாதி!" என்று அவள் குரல் கொடுக்க, ஆறு துடுப்பும் ஒன்றாக விழுந்தன. எங்களோடு வந்த நண்பர் குடும்பமும் தமிழ்தான் என்பது நல்லதாகப் போயிற்று.

ஆறு பாறைகளில் மோதிச் சீறும் முதல் பெரிய இடத்துக்குப் பெயர் மீட் கிரைண்டர். "அப்படின்னா என்ன?" என்றாள் அம்மா. "மிக்ஸின்னு வச்சுக்கோங்கம்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் படகு ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பார்த்தால் என் கணவரைக் காணோம்!

இரண்டு கை தூரத்தில் சிவப்பு ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. மிதந்து படகை ஒட்டி வந்துவிட்டார், அதுவும் அம்மா பக்கம். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்து இழு என்று அந்தப் பெண் சைகை காட்டினாள். அம்மா இத்தனை வருடமாக மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழையும்போதுகூட முந்தானையைச் சரிசெய்துகொண்டு வருபவள். ஒரு நொடி தயங்கினாள். "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை" என்றாள். பிறகு முழங்காலைப் படகில் ஊன்றி, கிணற்றில் குடத்தை இழுப்பது மாதிரி ஒரே இழுப்பு. அவர் உள்ளே வந்து விழுந்தது அம்மா மேல். இருவரும் படகுக்குள் கிடந்தபடி, "அடி படலையே அத்தை?" "இல்ல மாப்பிள்ளை, உங்களுக்கு?" என்று விசாரித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பில் துடுப்புப் போட முடியவில்லை.

ட்ரபிள்மேக்கர் என்பது இன்னொரு சீறும் இடம்; ஆற்றின் கடினத்தை அளக்கும் ஆறு நிலைகளில் 3-ஆம் நிலைக்கும் கொஞ்சம் மேலே. வளைந்து திரும்பும் இடத்தில் நடுவே ஒரு பாறை. அங்கே கரையிலிருந்து எடுத்த போட்டோ எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. அம்மாவைத் தவிர மற்ற ஐந்து பேரும் கண்ணை மூடியிருக்கிறோம். அம்மாவின் துடுப்பு மட்டும் சரியாகத் தண்ணீருக்குள் இருக்கிறது, கண் பாறை மேலே.

கொலோமாவில் ஆறு சாந்தமாகிவிட்டது. 1848 ஜனவரியில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கம் கண்டெடுத்தது இங்கேதான் என்று சொன்னதும், அம்மா துடுப்பை என் மடியில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் மணலை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள்.

கரையேறும்போதுதான் கவனித்தோம், கணவரின் அரைக்கால் சட்டை பின்னால் பாறையில் உரசி ஒரு சாண் கிழிந்திருந்தது. பஸ்ஸில் எல்லோரோடும் ஏற வேண்டும், துண்டோ காரில். அவர் சுவரோரம் நகர்ந்து நகர்ந்து நின்றார். அம்மா லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி, தாலிக்கொடியில் எதையோ தேடினாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் அவர் பக்கம் நீட்டினாள்.

பத்தாவது பின்.