மூன்று வேளை தேய்த்தும் ஈறு வீக்கம், பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு. எங்கே தவறு?

மழைத்துளி:
எல்லோருக்கும் வணக்கம். பல்லுக்கு கிளிப் போட்டு இது ஐந்தாவது மாதம். மேலும் கீழும் மெட்டல் பிராக்கெட், அதாவது பல்லில் ஒட்டி வயரைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் துண்டு. போட்ட நாளிலிருந்து மூன்று வேளையும் தேய்க்கிறேன், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்குக் குறையாது. அப்படியும் மேல் முன்பற்களில் ஈறு உப்பி, பிராக்கெட்டைத் தொடுகிற அளவுக்கு இறங்கிவிட்டது. பிரஷ் பட்டாலே ரத்தம். கோரைப்பல்லில் பிராக்கெட்டைச் சுற்றி, சுண்ணாம்பால் வரைந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. போன தடவை வயர் மாற்றப் போனபோது "இன்னும் நன்றாகத் தேய்க்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதற்கு மேல் எப்படித் தேய்ப்பது? இன்னும் ஒன்றேகால் வருடம் பாக்கி. கழற்றும்போது பல் வரிசையாகி, நிறம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நீலவானம்:
பயப்படாதீர்கள், ஐந்தாம் மாதத்தில் எனக்கும் இதே கதைதான். கழற்றி இரண்டு வருடம் ஆகிறது. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். பிரஷ்ஷை நேராகப் பிடிக்கிறீர்களா, சாய்த்தா? ரத்தம் வரும் இடத்தைத் தேய்க்கிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா? வயருக்கு அடியில் எதையாவது நுழைத்துச் சுத்தம் செய்வதுண்டா? பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கிறதா?

மழைத்துளி:
நேராகத்தான், மெட்டல் பளபளக்கும் வரை அழுத்தித் தேய்ப்பேன். ரத்தம் வருகிற இடத்தை ஒரு மாதமாகத் தொடவில்லை, புண் ஆறட்டும் என்று. வயருக்கு அடியில் எதுவும் நுழைத்ததில்லை, கொப்பளிப்பதோடு சரி. பேஸ்ட் டியூபை இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். ஃப்ளோரைடு என்ற சொல்லே இல்லை!

நீலவானம்:
சரி, பிடிபட்டுவிட்டது. இத்தனை நாளும் நீங்கள் கம்பியைத்தான் தேய்த்திருக்கிறீர்கள். அழுக்கு உட்காருவது பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள ஒல்லியான பட்டையில். உதட்டை விரலால் தூக்கி, அந்தப் பல்லை டிஷ்யூவால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, போன் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பாருங்கள். சுத்தமான இடம் மின்னும். படிவு இருக்கும் இடம் மாவு தூவியது போல மங்கித் தெரியும்.

தலை சின்னதாக உள்ள மென்மையான பிரஷ் வாங்குங்கள். நார்முனை ஈறைப் பார்க்கும்படி 45 டிகிரி சாய்த்து, பாதி நார் ஈறு ஓரத்திலும் பாதி நார் பிராக்கெட்டின் மேல் விளிம்பிலும் படுகிற மாதிரி வையுங்கள். அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவு, ஒவ்வொரு பல்லிலும் பத்து எண்ணும் வரை. வரிசை முடிந்ததும் பிரஷ்ஷைத் திருப்பி, பிராக்கெட்டின் கீழ் விளிம்புக்கும் அதே போல. கீழ் வரிசைக்கும் இப்படியே இரண்டு விளிம்பும். நேராகப் பிடித்துத் தேய்ப்பது கடைசியில்தான். உள்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பல்லிடுக்கு பிரஷ். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் பொம்மை வீட்டுக்குச் செய்தது போல இருக்கும். இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவே, வயருக்கு அடியில் மேலிருந்து கீழாக நுழைத்து, இந்தப் பக்க பிராக்கெட்டின் ஓரத்தில் நாலு இழுப்பு, அந்தப் பக்க ஓரத்தில் நாலு இழுப்பு. திணிக்க வேண்டியிருந்தால் உங்களுக்கு அந்த அளவு பெரிது, அடுத்த சின்ன அளவு வாங்குங்கள். முதல் நாள் நான் முன்பல்லில் நுழைத்து எடுத்தபோது வெள்ளை நார் முழுக்க மஞ்சளாக அப்பிக்கொண்டு வந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தப் பல்லை ஆசையாகத் தேய்த்திருந்தேன். அன்றைக்குப் புரிந்ததுதான்.

வெண்முத்து:
பல் மருத்துவராக இருக்கிறேன். மேலே சொன்னது எல்லாம் சரி. ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டதுதான் சிக்கலைப் பெரிதாக்கிவிட்டது. ஈறு ஓரத்தில் படியும் கிருமிப் படலத்தை உடம்பு எதிர்ப்பதால் வருவதே அந்த வீக்கமும் ரத்தமும். 1965இல் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் சுத்தம் செய்யாமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரவாக்கில் தணிந்துவிட்டது. அதனால் ரத்தம் வருகிற இடத்தில்தான் மெதுவாக, தினமும், கூடுதல் நேரம் தேய்க்க வேண்டும். இறுகிக் காரையாகிவிட்டது மட்டும் பிரஷ்ஷுக்கு வராது. அதை கிளினிக்கில் எடுக்கச் சொல்லுங்கள், கிளிப் இருக்கும்போதே எடுக்கலாம். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் வீக்கம் வற்றாவிட்டால் அடுத்த வயர் மாற்றும் தேதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

வெள்ளைக் கோட்டை ஈரமில்லாமல் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போய்விட்டால் வெறும் படிவு. போகாமல், காயக் காய இன்னும் வெளுப்பாகத் தெரிந்தால், பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் இருந்து தாது கரையத் தொடங்கியிருக்கிறது. படலத்தில் உள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையும். கிளிப் போட்ட ஒரே மாதத்தில்கூட இந்தக் கோடு வருவதுண்டு. இது குழி விழுவதற்கு முந்தைய கட்டம், இங்கேயே நிறுத்திவிடலாம். 1,450 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,450 பங்கு) அளவில் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டுக்கு மாறுங்கள். தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம். ஃப்ளோரைடு பல்லிலேயே தங்க வேண்டும். இனிப்பான பானத்தை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவது மூன்று வேளைத் தேய்ப்பையும் வீணாக்கிவிடும். கோடு மங்கலாம், முழுக்க மறையும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் வளராமல் தடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

தேன்கூடு:
சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாறு கலந்து தேய்த்தால் வெள்ளைக் கோடு போய்விடும் என்று வீடியோ பார்த்தேன். தண்ணீரைப் பீய்ச்சும் மெஷின் வாங்கினால் இந்தச் சின்ன பிரஷ் வேலையும் மிச்சம்தானே?

வெண்முத்து:
எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதுவே அமிலம். கரைந்துகொண்டிருக்கும் எனாமலை இன்னும் கரைக்கும். பீய்ச்சும் மெஷின் உணவுத் துணுக்கை வெளியேற்றும், ஈறுக்கும் நல்லது. ஆனால் ஒட்டிய படலம் உரசினால்தான் நன்றாகப் போகும், அதனால் பிரஷ்ஷோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பல்லும் பல்லும் தொடும் இடத்துக்கு ஃப்ளாஸ், அதாவது பல்லிடுக்கு நூல் வேண்டும். ஒரு முனை விறைப்பாக உள்ள ஃப்ளாஸ் கிடைக்கும், வயருக்கு அடியில் ஊசி கோர்ப்பது போலக் கோர்க்கலாம். இரவில் ஒரு முறை செய்தால் போதும்.

கார்முகில்:
படிவைச் சாயம் ஏற்றிக் காட்டும் மாத்திரை ஒன்று இருக்கிறது. மென்று, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிட்டுப் பார்த்தால் விட்டுப்போன இடமெல்லாம் இளஞ்சிவப்பு. பிராக்கெட் மேலுள்ள ரப்பர் வளையத்திலும் சாயம் ஏறும், அதனால் வளையம் மாற்றுவதற்கு முந்தின இரவு போடுங்கள்.

மழைத்துளி:
பதினாறு நாள் கழித்து வருகிறேன். முதல் நான்கு நாள் வாஷ்பேசின் சிவந்து போனது, விடாமல் தேய்த்தேன். எட்டாம் நாளிலிருந்து ரத்தம் குறைந்தது. இன்று காலை ஒரு சொட்டுகூட இல்லை. ஈறு ஒதுங்கி, பிராக்கெட்டுக்கு மேலே பல் மறுபடி தெரிகிறது. கோரைப்பல் கோடு அப்படியே இருக்கிறது, ஆனால் பரவவில்லை. மாத்திரையும் போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் சுத்தம். கீழ்க் கடைவாய்ப்பல்லைச் சுற்றி மாட்டியுள்ள மெட்டல் வளையத்துக்குப் பின்னால் மட்டும் அடர் சிவப்பு. அங்கே பிரஷ் போகவே மாட்டேன் என்கிறது, கன்னம் இடிக்கிறது. என்ன செய்ய?

நீலவானம்:
வாயை ஆவென்று திறக்காதீர்கள், கன்னம் இறுகிவிடும். பாதி மூடிக்கொண்டு தாடையைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகவே நகர்த்துங்கள், இடம் கிடைக்கும். ஒரே ஒரு நார்க்குஞ்சம் மட்டும் உள்ள பிரஷ் வாங்கி, வளையத்தின் பின் ஓரத்தைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். அடுத்த தடவை மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.