திமிசுமண்: கடற்கரைத் தியான மண்டபத்துக்கான ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

கடற்கரையில் இயற்கை மண்ணால் எழுப்பவிருக்கும் தியான மண்டபத்தின் வரைபடங்களைத் தமிழிலேயே குறிக்க விரும்பும் கட்டடக் கலைஞர் கேட்ட சொற்களுள் 'ரேம்ட் எர்த்' (ஈரமண்ணைப் பலகைகளுக்கு இடையே அடித்து இறுக்கிச் சுவர் எழுப்பும் முறை) என்பதற்கே அதிகப் பரிந்துரைகள் வந்துள்ளன. இடிமண், செறிமண், கெட்டிமண் ஆகிய மூன்றையும் படித்த பிறகு, நான் 'திமிசுமண்' என்பதை முன்மொழிகிறேன்.

சொல்லை எடைபோடுவதற்கு முன் செய்முறையைப் பார்த்துவிட வேண்டும். மேல்மண்ணை அகற்றிவிட்டு அடியிலிருந்து எடுத்த மண்ணில் சரளை, மணல், வண்டல், களி ஆகியவற்றின் விகிதத்தைச் சரிசெய்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஆனால் உள்ளங்கையில் சேறு ஒட்டாது என்ற அளவுக்கு மட்டும் நீர் தெளித்து, இருபுறமும் பலகை அடைத்த இடைவெளியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, அது 10 சென்டிமீட்டராக இறுகும்வரை அடித்து, அதன்மேல் அடுத்த படையைப் பரப்புகிறார்கள். காலால் மிதித்துக் குழைத்த சேற்றை உருட்டி வைத்து எழுப்பும் நம்மூர் மண்சுவர் இதுவன்று. அச்சில் வார்த்து வெயிலில் உலர்த்தும் பச்சைச் செங்கல்லும், ஆரோவில்லில் பரவலாகப் பயன்படும், சிறிதளவு சிமெண்ட் கலந்து இயந்திரத்தால் அழுத்திய மண்கல்லும் வேறு வேறு. நான்கும் மண்தான், இதை மற்றவற்றிலிருந்து பிரிப்பவை ஈரத்தின் அளவும், சுவர் நிற்கும் இடத்திலேயே விழும் அடியும் ஆகும்.

கடற்கரையில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. குழைத்த சேற்றில் இருக்கும் மிகுதியான நீர் வெளியேறும்போது சுவர் சுருங்கி வெடிக்கிறது. அந்த வெடிப்புகள் வழியே உப்புநீர் உள்ளே செல்கிறது. உலரும்போது உப்பு படிகமாகித் தோலை உரித்துவிடுகிறது. கொத்தனார்கள் இதையே உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்வதாகச் சொல்வார்கள். குறைந்த நீரில் அடித்து இறுக்கிய சுவரில் சுருக்கம் குறைவாக இருப்பதால் வெடிப்பும் குறைகிறது. அடியிலிருந்து ஏறும் ஓதத்தை மட்டும் கருங்கல் பீடம் கொடுத்துத் தடுக்க வேண்டும். (கடலின் அலைக்கும் சுவரின் ஈரக்கசிவுக்கும் தமிழில் ஓதம் என்ற ஒரே சொல் வழங்குவதைக் கட்டடக் கலைஞர் கவனித்திருப்பார் என்று நம்புகிறேன்.) உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இரும்புக் கம்பி இல்லாமலே கனமான சுவர் நிற்பது இம்முறையின் இன்னொரு நன்மை, கூரைக்கும் இரும்பைத் தவிர்த்து வைரம் பாய்ந்த பனங்கைகளைப் பரிந்துரைப்பேன். கடல்மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிகளில், அதாவது செம்மணல் மேடுகளில், உள்ள மணலின் நிறத்தைக் கண்டு அதைக் கேட்பவர்களுக்கு, அதில் களி மிகக் குறைவு, தனியாக அடித்தால் பிடிக்காது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். 'இடிமண்' இலக்கணப்படி தவறன்று. ஆனால், இடித்தல் என்ற பிறவினையும் இடிதல் என்ற தன்வினையும் ஒரே பகுதியைக் கொண்டவை ஆதலால், இடித்து இறுக்கிய மண் என்று நாம் கருதி எழுதுவதை இடிந்துவிழும் மண் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. மழைக்காலத்தில் மண்சுவர் இடிந்த செய்திகளை ஆண்டுதோறும் படிக்கும் நாட்டில், ஒப்புதல் தர வேண்டிய அதிகாரியின் மேசைக்கு 'இடிமண் சுவர்' என்று எழுதிய வரைபடத்தை அனுப்புவது உசிதமில்லை. 'செறிமண்' அழகான சொல். ஆயினும் இயந்திரத்தில் அழுத்திய மண்கல்லும் செறிந்ததுதான் என்பதால் அது பிரித்துக் காட்டவில்லை. 'கெட்டிமண்' என்றால் உழவருக்கு ஏர் இறங்காத நிலமே நினைவுக்கு வரும்.

திமிசு என்பது தரையையும் அடித்தளத்தையும் அடித்து இறுக்கும் கட்டை. சாலை வேலையிலும் தளம் போடும் வேலையிலும் திமிசுக்கட்டை, திம்சுக்கட்டை என்று பேச்சில் வழங்கும் இச்சொல்லைக் கட்டட வேலையாளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. திமிசால் இறுக்கிய மண் திமிசுமண் என்று வேற்றுமைத் தொகையாக விரியும். பொருள் மயக்கம் இல்லை. செருமானியமும் சீனமும் பிரெஞ்சும் இம்முறையை அடித்தல், இடித்தல் என்ற செயலைக் கொண்டே குறிக்கின்றன. நாம் அச்செயலின் கருவியைக் கொண்டு குறிக்கிறோம்.

இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, தெலுங்கிலும் 'திம்மிச' என்று இதே கருவிக்குப் பெயர் இருப்பதால் இது தமிழ்ச்சொல்தானா என்பது. கொத்தனாரின் கையில் நெடுநாளாகப் புழங்கும் சொல்லை வேர் பார்த்து விலக்கிவிட்டு, ஒருவரும் பேசாத புதுச்சொல்லை அங்கே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது, இன்று காற்றழுத்தத்தால் இயங்கும் கருவியே பெரும்பாலும் அடிக்கிறது என்பது. அதுவும் இயந்திரத் திமிசுதான்.

இதனோடு சேர்ந்த இன்னொரு சொல்லையும் இப்போதே முடிவு செய்வது நல்லது. சிமெண்ட் கலக்காத திமிசுமண் சுவரின் மேற்பரப்பு முதல் சில மழைகளில் சிறிது கரையும். பிறகு சரளை வெளியே தெரியத் தொடங்கியதும் கரைவது மட்டுப்படும். ஆஸ்திரியாவின் ஷ்லின்ஸ் ஊரில் மண் கட்டுமான வல்லுநர் மார்ட்டின் ரௌஹ் 2008இல் கட்டி முடித்த தம் வீட்டில் இந்த இழப்பை முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவரைக் கனப்படுத்தியதோடு, வழியும் நீரின் வேகத்தைக் குறைக்கச் சுட்ட ஓடுகளைச் சற்றே துருத்தியபடி வரிவரியாகப் பதித்தார். இவ்வாறு கணக்கில் கொண்ட இழப்பை 'திட்டமிட்ட அரிப்பு' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். பொற்கொல்லர் செய்கூலியோடு கணக்கிடும் சேதாரம் நம்மிடம் இருக்கிறதே! சுவரின் வெளிப்புறத்தில் கரைவதற்கென்றே விடும் கனத்தைச் 'சேதாரக் கனம்' என்றும், துருத்திய ஓட்டு வரிசையைத் 'தடைவரி' என்றும் குறிக்கலாம். சாய்ந்தடிக்கும் கடல்மழைக்குச் சேதாரக் கனம் மட்டும் போதாது என்பதால் இவ்விரண்டு சொற்களும் வரைபடத்தில் அருகருகே வர வேண்டியிருக்கும்.

மழையை வேறுவிதமாகக் கையாண்ட வழிபாட்டிடம் ஒன்று பெர்லினில் உள்ளது. 1985இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட தேவாலயத்தின் இடிபாட்டுச் செங்கல் துண்டுகளை மண்ணில் கலந்து, அதே இடத்தில் 2000ஆம் ஆண்டு எழுப்பிய நல்லிணக்கச் சிற்றாலயத்தில், முட்டை வடிவத் திமிசுமண் சுவரைச் சுற்றி மரச்சட்டங்களால் ஆன வெளித்தோல் ஒன்று நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒளி சலித்து விழும் நடைவழி. நம் மண்டபத்துக்கும் இது பொருந்தும். அந்த இடைவெளிக்குப் புதுச்சொல் தேடாமல் 'திருச்சுற்று' என்றே எழுதலாம்.

'பெவிலியன்' என்பதற்கு அமர்மன்றம், அமைதிமாடம் என்றெல்லாம் வந்த பரிந்துரைகள் தேவையற்றவை என்றே கருதுகிறேன். கன்னியாகுமரிப் பாறையில் 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் நினைவிடத்தின் தியான மண்டபத்தால் அந்தத் தொடர் எல்லோருக்கும் பழகிவிட்டது. கல்லால் ஆனதை மட்டுமே மண்டபம் என்பதற்கு விதி ஏதுமில்லை.

திமிசுமண்ணோடு சுவர் சேரும்போது பழைய புணர்ச்சி விதிப்படி 'மட்சுவர்' என்று திரிய வேண்டுமென்று வாதிடுவோர் உண்டு. வரைபடத்தில் 'திமிசுமண் சுவர்' என்று பிரித்தே எழுதிவிடலாம். ஒரு நாள் அடித்து நிறுத்திய படைக்கும் மறுநாள் தொடங்கும் படைக்கும் இடையிலான இணைப்புக்குத்தான் எனக்கு நல்ல சொல் கிட்டவில்லை. மண்சுவர் வைத்துப் பழகியவர்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று அறிந்தவர்கள் எழுதினால், பட்டியலை அதோடு கட்டடக் கலைஞருக்கு அனுப்பிவிடலாம்.