டெக்னிக்கல் கவரில் "நமக்கு ஏன் கொடுக்கோணும்": அனுபவப் பகிர்வு

கோவை, பம்ப் நிலையப் பராமரிப்பு

நம்ம பக்கம் குடிநீர், பாதாள சாக்கடை வேலை டெண்டர்களுக்குப் போடற டெக்னிக்கல் பிட்களை (விலை சொல்லாம தகுதியையும் வேலை முறையையும் காட்டற கவர்) புரட்டிப் பாருங்க. முதல் பக்கம் முக்கால்வாசி ஒரே மாதிரிதானுங்க இருக்கும்: "25 ஆண்டு அனுபவம், அதிநவீனத் தொழில்நுட்பம், திறமையான பணியாளர்கள்." கம்பெனி பேரை அழிச்சுட்டுப் போட்டியாளர் பேரை எழுதுங்க. வரி அப்பவும் பொருந்துச்சுன்னா அது வின் தீம் (வேலையை நமக்கே ஏன் கொடுக்கோணும்னு சொல்ற வரி) இல்லை, அடிச்சுடலாம்.

துறையோட பயம் என்ன, அதுக்கு நாம செய்யப்போற வேலை என்ன, சான்று எந்தப் பக்கத்துல இருக்குது, இந்த மூணும் ஒண்ணா நிக்கோணும். பம்ப் நிலையத்துக்கு எழுதினா இப்படி வரும்:

"பம்ப் பழுதானால் 4 மணி நேரத்தில் தண்ணீர் மீண்டும் ஓடும். ஒவ்வொரு பம்ப் மாடலுக்கும் ஓர் இம்பெல்லர், ஒரு ஜோடி பேரிங், ஒரு மெக்கானிக்கல் சீல் நிலையத்திலேயே இருப்பில் இருக்கும் (பக்கம் 143). இதே ஏற்பாட்டில் முடித்த 3 ஆண்டுப் பராமரிப்பின் நிறைவுச் சான்றிதழ், பக்கம் 151."

இந்த 4 மணி நேரம் வெறும் பேச்சில்லைங்க. வேலை கிடைச்சா டெக்னிக்கல் பிட்டும் ஒப்பந்தத்தோட சேர்ந்துக்கும், தவறினா அபராதம். அதனால அந்த உதிரி பாகங்களோட விலையும் இரவு ஷிப்ட் பிட்டர் சம்பளமும் பிரைஸ் பிட்ல (விலைக் கவர்) ஏறியிருக்கோணும். எழுதறவர் ஒருத்தர், ரேட் போடறவர் இன்னொருத்தர்னு இருக்கிற ஆபீஸ்ல இதுதான் விட்டுப்போகுது.

பயத்தை எங்க தேடறதுன்னா, முதல்ல அபராதப் பிரிவுலதான். எதுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு பிடிக்கிறாங்களோ, அங்கதான் அவங்களுக்கு ஏற்கெனவே அடி விழுந்திருக்கும். அடுத்தது ப்ரீ-பிட் கேள்வி பதில் (பிட் போடறதுக்கு முன்னாடி கம்பெனிகள் கேட்டதும் துறை சொன்னதும்). ஒரே விஷயத்துக்கு நீளமா பதில் சொல்லியிருந்தா குறிச்சு வெச்சுக்கோங்க. காரிஜண்டத்துல (டெண்டருக்குப் பின்னாடி வெளியிடற திருத்தம்) என்ன மாறியிருக்குதுன்னு அதையும் பார்த்துடுங்க. மூணு தீம் போதும், மிஞ்சினா நாலு.

ஈரோடு, டிபிஆர் (விரிவான திட்ட அறிக்கை) கன்சல்டன்சி

அண்ணன் சொன்னது சரிங்க. ஆனா எந்த டெண்டர்ல இதுக்கு மெனக்கெடறதுன்னு முதல்ல கணக்குப் போட்டுடோணும். தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மார்க் போடற க்யூசிபிஎஸ் முறையில ஒரு உதாரணம்:

நம்ம டெக்னிக்கல் மார்க் 86, ரேட் 52 லட்சம். எதிராளிக்கு 78, ரேட் 46 லட்சம். குறைஞ்ச ரேட்டுக்கு 100 மார்க், நமக்கு 46-ஐ 52-ஆல் வகுத்து நூறால பெருக்கினா 88.46.

டெக்னிக்கலுக்கு 70, ரேட்டுக்கு 30 வெயிட்டேஜ்னா நமக்கு 86.74, அவருக்கு 84.60. ஆறு லட்சம் கூட இருந்தும் வேலை நமக்கு. நம்ம டெக்னிக்கல் மார்க் 83-க்குக் கீழ போயிருந்தா கை நழுவியிருக்கும்.

அதே பிட்டை 30:70-ல போடுங்க. நமக்கு 87.72, அவருக்கு 93.40. எவ்வளவு அழகா எழுதியும் பிரயோஜனமில்லை. மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபர்ல கட்டுமானத்துக்கும் கன்சல்டன்சி அல்லாத சேவைக்கும் க்யூசிபிஎஸ் அனுமதிச்சப்ப, விலை சாராத மார்க்குக்கு 30 சதவீதம்தான் உச்சவரம்புன்னு வெச்சுது. அந்த வகை வேலையில ரேட்டைத்தான் இழுத்துப் பிடிக்கோணும். சில டெண்டர்ல டெக்னிக்கல் மார்க்கையும் அதிக மார்க் வாங்கினவரோட ஒப்பிட்டு நூறுக்கு மாத்துவாங்க, அந்தப் பிரிவைப் படிக்காம கணக்குப் போடாதீங்க.

வெறும் ரெண்டு கவர், டெக்னிக்கல்ல பாஸ் ஆனா எல்1-க்கு (குறைஞ்ச ரேட் போட்டவருக்கு) வேலைன்னு இருந்தா தீம் எழுதி நேரத்தைக் கொல்லாதீங்க. அங்க ஆவணம் ஒண்ணு குறையாம இருந்தாலே பெரிசு.

திருப்பூர், கழிவுநீர் சுத்திகரிப்பு

நம்மூர்ல சுத்திகரிப்பு வேலைன்னா பயம் எங்கிருந்து வருதுன்னு எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணி தேங்கினது, எதையும் யாரும் மறக்கலைங்க. "சொட்டு நீர்கூட வெளியேறாது"ன்னு எழுதினா யாரும் நம்பமாட்டாங்க. ஆர்ஓ-வுல (சவ்வு வழியா தண்ணியிலிருந்து உப்பைப் பிரிக்கிற முறை) கழியற உப்புத்தண்ணியை எவாப்பரேட்டர் (தண்ணியை ஆவியாக்கற கருவி) எத்தனை மணி நேரத்துல வாங்கும், எவாப்பரேட்டர் நின்னா எத்தனை நாள் தேக்கி வைக்கத் தொட்டி இருக்குது, கடைசியில மிஞ்சற கலப்பு உப்பு எந்தக் கூரைக்கடியில எவ்வளவு நாள் இருக்கும், இதையெல்லாம் எண்ணோட எழுதுங்க. கலப்பு உப்பைப் பத்திப் பேசாம விடற பிட்தான் அதிகம். கேள்வி வர்றதும் அதுலதான்.

போட்டியாளரை இழுக்காதீங்க. "தேக்கத் தொட்டி இல்லாத நிலையத்தில் ஒரு நாள் பழுதே ஆற்றுக்குப் போய்ச் சேரும்"னு ஆபத்தை மட்டும் சொன்னா, யார்கிட்ட தொட்டி இல்லைன்னு மார்க் போடற கமிட்டியே பார்த்துக்கும்.

கரூர், டெண்டர் ஆவண வேலை

தீம் நல்லா இருந்தும் மார்க் போறது மத்த பக்கங்களாலதானுங்க. "உள்ளூர்க் குழு"ன்னு முதல் பக்கத்துல இருக்கும், பயோடேட்டாவுல டீம் லீடர் சென்னையில வேற வேலையில இருப்பார். "பூஜ்ஜியப் பழுது"ம்பாங்க, இணைச்ச சான்றிதழ்ல வேலையே இன்னும் முடிஞ்சிருக்காது. ஒவ்வொரு தீமுக்கும் ஒரு தாள் போட்டு, அது வர்ற பக்கங்களையும் அதுக்கு எதிரா நிக்கிற பக்கங்களையும் எழுதுங்க. பிட் எழுதாத ஒருத்தர் கையில மார்க் அட்டவணையைக் கொடுத்து, ஒவ்வொரு மார்க்குக்கும் சான்று எங்கன்னு தேடச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷத்துல கிடைக்கலைன்னா கமிட்டிக்கும் கிடைக்காது. பிரிவு வரிசையும் தலைப்பும் மார்க் அட்டவணையில இருக்கிறபடியேதான் இருக்கோணும்.

ஆடிட்டர் சான்றிதழ்ல யுடிஐஎன் எண் (ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஆடிட்டர் வாங்கற தனி அடையாள எண்) இருக்குதான்னு பாருங்க. டெக்னிக்கல் கவர்ல எந்த மூலையிலயும் ரேட் வரக்கூடாது. உதிரி பாகக் கொட்டேஷனை இணைக்கிறப்ப விலையை மறைக்க மறந்துடறாங்க, மொத்த பிட்டும் அதோட போயிடும். பிஓக்யூ (வேலை அளவும் ரேட்டும் போடற பட்டியல்) எக்செல் கோப்போட பேரை மாத்தாம அப்படியே ஏத்துங்க.