சேலம் வெயிலில் பென்குயின் வாரம்: எல்கேஜி பிள்ளைகளுக்கு எது எடுபடும்?

அஸ்தம்பட்டி_எல்கேஜி

வணக்கம். எல்கேஜி வகுப்பு, 18 பிள்ளைங்க, மூணரையிலிருந்து நாலரை வயசு. அடுத்த வாரம் பென்குயின் தீம். நாலு நாள், தினம் 40 நிமிஷம். நானும் ஒரு ஆயாம்மாவும் மட்டும்தான். ஏசி கிடையாது, மதியம் வகுப்புக்குள்ளேயே 34 டிகிரி. ஃப்ரிட்ஜ் சின்னது, ஃப்ரீசரில் ரெண்டு லிட்டர் டப்பா ஒண்ணுதான் நிற்கும்.

நெட்டில் தேடினா ஷேவிங் ஃபோம் பனியும் பஞ்சு ஒட்டின பென்குயினும்தான் வருது. பஞ்சை ஒட்டி முடிச்சதும் பிள்ளைக்கு என்ன புரிஞ்சிருக்கும்? பென்குயினுக்கு ஏன் குளிரலைன்னு கையால தொட்டே தெரிஞ்சுக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க. நம்ம ஊர்க் கடையில் கிடைக்கிற சாமானா இருக்கட்டும். ஜவ்வரிசியைப் பனி மாதிரி கொட்டலாம்னு ஒரு யோசனை, சேலத்தில் அதுக்கா பஞ்சம்? இன்னொண்ணு, எங்க சார்ட்ல இக்ளூ (பனிக்கட்டி வீடு) வாசலில் பனிக்கரடியும் பென்குயினும் தோளோடு தோள் நிக்குது. அதை மாட்டலாமா?

செவ்வாய்ப்பேட்டை_டிஎல்எம்

சார்ட்டை மாட்டாதீங்க டீச்சர், கத்தரிக்கோலால ரெண்டா வெட்டுங்க. பனிக்கரடியும் இக்ளூவும் வடக்கே, ஆர்க்டிக்கில். பென்குயின் தெற்கே, அண்டார்டிகாப் பக்கம். ரெண்டும் காட்டில் சந்திச்சதே இல்லை. ஒரு சாத்துக்குடியை எடுத்து மேல் முனையில் கரடி ஸ்டிக்கர், கீழ் முனையில் பென்குயின் ஸ்டிக்கர், நடுப்பகுதியில் கொஞ்சம் மேலே சேலத்துக்கு ஒரு குண்டூசிப் பொட்டு. நாலு வயசுக்கு இவ்வளவு பூகோளம் போதும். எல்லா பென்குயினும் பனியில் வாழறதில்லை, கலபகோஸ் தீவில் பூமத்திய ரேகைப் பக்கமே ஒரு இனம் இருக்கு. யாராவது கேட்டா மட்டும் சொல்லுங்க. தெற்கே யாருமே இல்லையான்னு கேட்டா, நம்ம நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் மைத்ரி (1989), பாரதி (2012) ரெண்டும் அங்கேதான் இருக்கு.

இனி பஞ்சு. அதை ஒட்ட வேண்டாம், கவருக்குள்ள போடுங்க. வாரத்துக்கு இந்த ஒரு வேலை நல்லா நடந்தாலே போதும்னு சொல்வேன்.

பெரியவங்க கை நுழையிற அளவு ஜிப் கவர் ஆறு வாங்குங்க. ரெண்டு ரெண்டா மூணு கையுறை. ஒரு கவரை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி இன்னொரு கவருக்குள்ள விடணும். அப்பதான் ரெண்டு ஜிப்பும் ஒண்ணோட ஒண்ணு கடிக்கும். திருப்பாம விட்டா ஜிப் சேராது, உள்ளே போட்டதெல்லாம் வெளியே வந்துடும். முதல் ஜோடிக்கு நடுவில் ஒண்ணும் வேண்டாம், காத்தையும் அழுத்தி வெளியேத்திடுங்க. ரெண்டாவதில் 300 கிராம் டால்டா. மூணாவதில் உலர்ந்த பஞ்சு, அமுக்காம, உப்பலா. வாய் முழுக்க அகல செலோ டேப் சுத்துங்க.

பேசினில் மூணு லிட்டர் தண்ணி, ஒரு கிலோ ஐஸ். பிள்ளை முதல்ல வெறும் கவரில் கை விடட்டும், அப்புறம் டால்டா, அப்புறம் பஞ்சு. ஒவ்வொண்ணும் பத்து எண்ணும் வரைக்கும் மட்டும். பஞ்சுக் கவருக்குள்ள காத்து இருக்கிறதால அது மிதந்து மேலே வரும். உங்க கையை மேலே வெச்சு லேசா அழுத்திக்குங்க. கடைசியா மூணாவது கவரைப் பிரிச்சு பஞ்சை நல்லா நனைச்சு மறுபடி மூடி, கை விடச் சொல்லுங்க. சில்லுனு ஏறும். சூடு தாங்கினது பஞ்சில்லை, பஞ்சுக்குள்ள அடைபட்டிருந்த காத்துதான்னு நீங்க வாய் திறக்காமலே தெரிஞ்சிடும்.

டால்டா விஷயத்தில் வழக்கமா ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, இளகிடும்னு பயந்து ஃப்ரிட்ஜில் வெச்சு எடுத்துட்டு வர்றது. அப்ப கை விட்டதுமே கொழுப்பே சில்லுனு இருக்கும், சோதனை தலைகீழாப் போயிடும். வெளியிலேயே இருக்கட்டும். ரெண்டு, பிள்ளைங்க பிசைஞ்சு பிசைஞ்சு விரல் நுனியில் கொழுப்பு இல்லாம ஒதுக்கிடுவாங்க. ஒவ்வொரு தடவையும் நீவி சமமாக்குங்க.

டால்டா கையுறை முழுசாப் பொருந்துறது சீலுக்கும் திமிங்கலத்துக்கும்தான். பென்குயினுக்கும் தோலுக்கு அடியில் கொழுப்பு உண்டு, ஆனா கரையில் நிக்கும்போது பெரும்பாலும் காப்பாத்துறது இறகும் அதுக்குள்ள நிக்கிற காத்தும். அதனாலதான் பஞ்சுக் கவரை விட்டுடாதீங்கன்னு சொல்றேன்.

ஏற்காடு_மழலை

டால்டாவுக்குப் பதிலா தேங்காய் எண்ணெய் போடச் சொல்லி எங்கேயாவது படிச்சா அது மார்கழியில் ஏற்காட்டுக்குச் சரி, கீழே சேலத்துக்கு ஆகாது. 24, 25 டிகிரியிலேயே உருகிடும், கவருக்குள்ள எண்ணெய்தான் ஆடும்.

பென்குயினெல்லாம் கதகதப்புக்குக் கூட்டமா ஒட்டி நிக்கிறதை எல்லாரும் பிள்ளைங்களையே வட்டமா நிக்க வெச்சுக் காட்டுவாங்க. 34 டிகிரியில் வேர்த்து, ஒருத்தரை ஒருத்தர் தள்ளி, கடைசியில் அழுகைதான் மிச்சம். எட்டு சின்ன எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்குங்க. எல்லாத்திலும் ஒரே அளவு வெந்நீர், 60 டிகிரிக்கு மேல வேண்டாம். ஊத்துறது நீங்க, பிள்ளைங்க இல்லை. ஏழு டம்ளரை ஒட்டி வையுங்க, நடுவில் ஒண்ணு, சுத்தி ஆறு. எட்டாவது தனியா, ஒரு முழம் தள்ளி. ஃபேனை முழு வேகத்தில் போடுங்க, இது கட்டாயம். உங்க அறைச்சூட்டில் காத்து இல்லாம வெச்சா வித்தியாசம் கைக்குத் தெரியவே நேரமாகும். இருபது நிமிஷம் கழிச்சு நீங்க முதல்ல தொட்டுப் பார்த்துட்டு, தனி டம்ளரையும் நடு டம்ளரையும் தொடச் சொல்லுங்க. பென்குயின் கூட்டத்தில் வெளி வரிசையில் நிக்கிறதும் உள்ளே நிக்கிறதும் மெல்ல மெல்ல இடம் மாறிக்கிட்டே இருக்கும். அதைக் காட்ட ஒரு ஓர டம்ளரை எடுத்து நடுவில் வைக்கச் சொல்லுங்க, போதும்.

ஐஸ் கட்டி உடைக்கிற விளையாட்டு போடுறதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. ரெண்டு லிட்டர் டப்பா ஒரு ராத்திரியில் உள்வரைக்கும் உறையாது, முழுசா ஒரு நாள் விடுங்க. பாதி ஊத்தி உறைய வெச்சு, பொம்மையை வெச்சு, மீதியை ஊத்தணும். ஒரே தடவையா ஊத்தினா பிளாஸ்டிக் பொம்மை மிதந்து மேலேயே நிக்கும். விளிம்பில் ரெண்டு விரல் இடம் விடுங்க, உறையும்போது தண்ணி உப்பும். உருக்க வெதுவெதுப்பான தண்ணியும் இங்க் ஃபில்லரும் கொடுங்க, கல் உப்பைக் கையில் கொடுக்காதீங்க. உப்பு பட்ட ஐஸோட டிகிரி சாதா ஐஸை விட ரொம்பக் கீழே இறங்கும், பிஞ்சுத் தோலில் கொப்புளமே போடலாம். கீழே கோணிச்சாக்கு விரிச்சுடுங்க, மொசைக் தரையில் வழுக்கும்.

கொண்டலாம்பட்டி_பாலர்

ஜவ்வரிசி வேண்டவே வேண்டாம். நைலான் ஜவ்வரிசி மூக்குக்கும் காதுக்கும் அளவெடுத்த மாதிரி இருக்கும், ஈரம் பட்டா உள்ளேயே ஊறி உப்பும். தரையில் சிந்தினா நடக்கிறவங்க காலை வாரிடும். பனிதான் வேணும்னா நாலு கப் அரிசி மாவில் அரை கப் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிசைஞ்சா புட்டுப் பதத்துக்கு வரும், பிடிச்சா உருண்டை நிக்கும். சாயங்காலம் டப்பாவில் மூடலைன்னா காலையில் எறும்பு வரிசை கட்டி நிக்கும்.

எனக்குப் பனியை விடக் கல்லுதான் முக்கியமாப் படுது. அடேலி பென்குயின் கூழாங்கல்லைப் பொறுக்கிக் கூடு கட்டும். அது அழகுக்குன்னு நினைச்சுடக் கூடாது. பனி உருகி ஓடுற தண்ணியில் முட்டை நனைஞ்சா குஞ்சு பொரியாது. ரெண்டு தட்டு வையுங்க. ஒண்ணில் வெறும் தரையா வேகவெச்ச முட்டை, இன்னொண்ணில் கல் அடுக்கி அதுமேல முட்டை. ரெண்டிலும் அரை டம்ளர் தண்ணி ஊத்தி, முட்டைக்கு அடியில் விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. கல்லு நர்சரியில் கிடைக்கிற கூழாங்கல்லா இருக்கட்டும், ஜல்லி ஓரம் கீறும். அளவு நாலு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, குறைஞ்சா வாய்க்குள்ள போயிடும். பொறுக்க சப்பாத்தி இடுக்கி கொடுங்க, அலகு மாதிரி. அடேலி பக்கத்துக் கூட்டிலிருந்து திருடவும் செய்யும். இதை வகுப்பில் சொல்றதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, சொன்ன அடுத்த நிமிஷம் நடக்கும்!

முட்டை சுமக்கிறதுக்கு எம்பரர் பென்குயின். அம்மா முட்டையை அப்பா பாதத்துக்கு மாத்திட்டுக் கடலுக்குப் போயிடும், அப்பா ரெண்டு மாசத்துக்கு மேல சாப்பிடாம காலிலேயே வெச்சு அடைகாக்கும். நிஜ முட்டை ஏறக்குறைய 450 கிராம், ஆனா அந்த எடை இந்த வயசுப் பாதத்தில் நிக்காது. 200 கிராம் அரிசி போட்டுத் தைச்ச துணிப்பை சரியா இருக்கும். பந்து கொடுத்தா உருண்டு ஓடிடும், பாடம் பந்தாட்டமா மாறிடும். ரெண்டு ரெண்டு பேரா, கை படாம காலிலிருந்து காலுக்கு மாத்தச் சொல்லுங்க.

சுவரில் பழுப்புத் தாள் ஒட்டி 115 சென்டிமீட்டரில் எம்பரர், 70இல் அடேலி, 33இல் ஆஸ்திரேலியாப் பக்கம் இருக்கிற குட்டி இனம்னு வரைஞ்சு விடுங்க. உங்க வகுப்பில் பெரும்பாலான பிள்ளைங்க எம்பரரை விடக் குட்டையாத்தான் இருப்பாங்க. டைனோசர் பார்த்த மாதிரி நிப்பாங்க.

அஸ்தம்பட்டி_எல்கேஜி

ரொம்ப நன்றிங்க. கையுறை, முட்டை, கல், டம்ளர்னு நாலு நாளைக்கு வெச்சுக்கிறேன். உயரத் தாள் திங்கட்கிழமையே சுவருக்குப் போயிடும். 18 பேருக்கும் ஒரே பேசினில் பண்ணினா வரிசையில் நிக்கிறவங்க சும்மா இருக்க மாட்டாங்களே? கடைசியா அந்த டால்டாவை என்ன பண்றது?

செவ்வாய்ப்பேட்டை_டிஎல்எம்

ஆறு ஆறு பேரா மூணு குழு. ஒரு குழு உங்ககிட்ட பேசினில். இன்னொண்ணு ஆயாம்மாகிட்ட அரிசி மாவுப் பனியில். மூணாவது குழுவுக்கு வெள்ளைத் தாளில் ஆயில் பேஸ்டலால் பென்குயினை அழுத்தி நிரப்பச் சொல்லி, மேலே தண்ணி தெளிக்க விடுங்க, முத்து முத்தா உருண்டு போகும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், கரைஞ்சிடும். பென்குயின் வாலடியில் சுரக்கிற எண்ணெயை அலகால எடுத்து இறகெல்லாம் பூசிக்கும்னு அப்ப சொல்லலாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குழுவை மாத்துங்க. ஐஸ் குறையக் குறையப் போட ஒரு பாக்கெட் தனியா வெச்சுக்குங்க, இல்லைன்னா கடைசி ஆறு பேருக்கு சாதாத் தண்ணிதான் கிடைக்கும்.

டால்டாவை சிங்கில் கொட்டாதீங்க, குழாயில் படிஞ்சு அடைச்சுக்கும். கவரோட நியூஸ்பேப்பரில் சுத்திக் குப்பையில் போடுங்க. பேசினில் கசிஞ்சிருந்தா முதல்ல காஞ்ச பேப்பரால துடைச்சுட்டு, அப்புறம் சோப்பும் வெந்நீரும்.